கஞ்சி போடாத வேட்டித் துண்டுக்கு நன்றி

அன்புள்ள எல்லாருக்கும்,

டிசம்பரில் நடந்திருக்க வேண்டிய 13ஆவது சென்னை சர்வதேசத் திரைப்பட விழா, ஜனவரி 6இல் தொடங்கி நேற்றோடு ஒருவழியாக முடிந்துவிட்டது. டிசம்பர் வெள்ளத்தால்தான் தள்ளிப்போனது என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பல வீட்டுச் சுவர்களில் தண்ணீர் நின்ற கோடு இன்னும் அப்படியே இருக்கிறது. படப்பெட்டி வந்து இறங்குவதிலிருந்து திரையில் படம் விழுவது வரையான வேலையில் கூடமாட நின்ற தன்னார்வலர்கள் நாங்கள். தூக்கம் இன்னும் கண்ணில் இருக்கிறது. பொங்கல் வேலையில் மறந்துபோவதற்குள் எழுதிவிட வேண்டும்.

விழா தள்ளிப்போனால் போஸ்டரில் தேதியை மாற்றி ஒட்டினால் போதும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். இப்போது படம் டிசிபி என்ற கோப்புத் தொகுப்பாக ஹார்டு டிஸ்கில் வருகிறது. இரண்டு மணி நேரப் படமென்றால் 100 முதல் 200 ஜிபி வரை இருக்கும். பூட்டுப் போட்டு வரும் படத்தைத் திறக்க கேடிஎம் என்ற சாவி வேண்டும். சில கேபி அளவுள்ள சின்னக் கோப்பு, மின்னஞ்சலிலேயே வந்துவிடும். ஆனால் ஒரு சாவி ஒரு சர்வருக்குத்தான், அதுவும் குறித்த நாளில் குறித்த நேரத்துக்குள்தான். டிசம்பருக்கு வாங்கிய சாவியெல்லாம் ஜனவரியில் செல்லாக்காசு. படத்தை இந்தத் திரையிலிருந்து பக்கத்துத் திரைக்கு மாற்றினாலும் வேறு சாவி. பூட்டைத் திறந்து படத்தைத் திரைக்கு அனுப்பும் மின்பலகையான மீடியா பிளாக், தண்ணீரில் நனைந்து அதை மாற்றியிருந்தால், புது பிளாக்கின் சான்றிதழை அனுப்பி அதற்கென்று தனியாகச் சாவி கேட்க வேண்டும்.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. சாவியில் நேரம் பெரும்பாலும் உலக நேரத்தில் இருக்கும். நாம் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். காலை 6 மணி என்று போட்டிருந்தால் நம் கடிகாரத்தில் பதினொன்றரைக்குத்தான் பூட்டு திறக்கும். பத்து மணிக் காட்சிக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில், ஊரே விடுமுறையில் இருக்கும்போது, சலிக்காமல் சாவிகளைத் திரும்பப் போட்டு அனுப்பிய அயல்நாட்டு விநியோகஸ்தர்களுக்கு முதல் நன்றி. டிஸ்குகளுக்கும் ஒரு பயண வழி இருக்கிறது. நவம்பரில் கோவா விழா, டிசம்பர் தொடக்கத்தில் திருவனந்தபுரம் விழா, அங்கிருந்து சென்னை என்று வருவதுதான் சௌகரியம். அந்தக் கண்ணி அறுந்த பிறகும், அடுத்த ஊருக்குப் போக வேண்டிய டிஸ்கை ஒரு வாரம் எங்களுக்கு விட்டுக்கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் நன்றி.

இனி, இந்த மடல் யாருக்காக எழுதப்படுகிறதோ அவருக்கு வருகிறோம்.

ஒரு தியேட்டர். பெயர் வேண்டாம், அவர்கள் மேல் குறையில்லை, தண்ணீர் யாரைக் கேட்டு உள்ளே வந்தது? தொடக்க நாளுக்கு முந்தின மாலை அங்கே சோதனை ஓட்டம். படம் விழுந்தது, ஒலி வந்தது, ஆனால் கறுப்பு கறுப்பாக இல்லை, சாம்பல் பூசினாற்போல் இருந்தது. வெள்ளை சப்டைட்டில் எழுத்துகளைச் சுற்றி ஒரு பனிமூட்டம். ஃபோகஸைத் திருப்பிப் பார்த்தாயிற்று. விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்திருக்கிறது என்று பார்த்தாயிற்று. டிஸ்கிலிருந்து சர்வருக்கு ஏற்றியதில் பிசகோ என்று கோப்புகளைச் சரிபார்த்தால், அதுவும் சுத்தம்.

விழாவுக்கான நுழைவு அட்டை, அதாவது டெலிகேட் பாஸ் விசாரிக்க வந்த பெரியவர் ஒருவர், "கேபினை ஒரு தடவை பாத்துட்டுப் போகட்டுமா?" என்று கேட்டு, மேலே புரொஜெக்டர் அறைக்கு ஏறி வந்தார். கார்பன் குச்சியை எரித்து அந்த வெளிச்சத்தில் படம் ஓட்டிய காலத்து ஆபரேட்டர். புரொஜெக்டரைத் தொடக்கூட இல்லை. திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எழுத்தோட ஓரம் கூராத்தான் இருக்கு. சுத்தித்தான் பூத்திருக்கு. லென்ஸ்ல கோளாறுன்னா ஓரமே கரைஞ்சிருக்கும். இது கண்ணாடிப்பா" என்றார். பையிலிருந்து ஒரு டார்ச்சை எடுத்து, கேபினுக்கும் அரங்குக்கும் நடுவிலுள்ள ஜன்னல் கண்ணாடியில் பக்கவாட்டில் சாய்த்து அடித்தார். நேராகப் பார்த்தால் பளிங்கு மாதிரி இருந்த கண்ணாடியில், சாய்ந்த வெளிச்சத்தில் பால் ஏடு படிந்திருந்தது.

காரணம் எளிது. நனைந்த அரங்கை உலர்த்த ஏசியை முழு வேகத்தில் நாள் கணக்கில் ஓட்டியிருக்கிறார்கள். அரங்கு குளிர்ந்தது, கேபின் புழுக்கமாகவே இருந்தது. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த சோடா பாட்டில் வியர்ப்பதுபோல் கேபின் பக்கக் கண்ணாடி வியர்த்திருக்கிறது. வியர்வை காய, அதில் தூசி ஒட்ட, மறுபடி வியர்க்க, அடுக்கடுக்காக ஏடு படிந்துவிட்டது. ஒளி அதில் பட்டுச் சிதறினால் கறுப்பு வெளுக்காமல் என்ன செய்யும்?

எங்களில் ஒருவர் கண்ணாடி துடைக்கும் நீல ஸ்ப்ரேயோடு கிளம்பினார். பெரியவர் கையைப் பிடித்து நிறுத்தினார். அந்த ஜன்னலில் இருப்பது பூச்சுப் போட்ட கண்ணாடி. அமோனியா பட்டால் பூச்சு போய்விடும். பீரோ கண்ணாடிக்குப் போல நாளிதழைக் கசக்கித் துடைக்கவும் கூடாது, கீறல் விழும். குழாய்த் தண்ணீரும் ஆகாது, நம் ஊர் உப்பு வெள்ளைத் திட்டாக நிற்கும். "அரை மணி இருங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனவர், நாலாக மடித்த ஒரு பழைய வேட்டித் துண்டோடு திரும்பி வந்தார். எத்தனையோ முறை துவைத்து நூல் இளகிய பருத்தி. கஞ்சியே காணாதது. புதுத்துணியில் கஞ்சி இருக்கும், அது கோடு போடும், பஞ்சும் உதிரும்.

அவர் செய்ததை அப்படியே எழுதி வைக்கிறோம், யாருக்காவது உதவும். விளக்கை அணைத்து, கண்ணாடி ஆறும்வரை காத்திருந்தார். முதலில் மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டினார். தூசியோடு துடைத்தால் அதுவே உப்புத்தாள். பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டரும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் சரிபாதி கலந்து, துணியில்தான் நனைத்தார், கண்ணாடியில் ஊற்றவில்லை; ஊற்றினால் சட்ட இடுக்கில் இறங்கித் தங்கிவிடும். மேலிருந்து கீழாக ஒரே திசையில் இழுத்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் துணியின் புது மடிப்பு. இரண்டு பக்கமும் துடைத்து, மறுபடி டார்ச்சைச் சாய்த்துப் பார்த்தார். எல்லாம் இருபது நிமிடம்.

கறுப்பு கறுப்பாக வந்தது.

திரும்பவும் வியர்க்காமலிருக்க வழியும் அவரே சொன்னார். அரங்கின் ஏசியை எடுத்த எடுப்பில் உச்சத்தில் வைக்காமல் படிப்படியாகக் குளிர்விப்பது, கேபின் எக்ஸாஸ்டை எப்போதும் ஓட விடுவது, காட்சி இல்லாத நேரத்தில் ஒரு மேசை விசிறியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி வைப்பது. எட்டு நாளும் அந்தத் திரையில் மூட்டம் எட்டிப் பார்க்கவில்லை. பணம் கொடுக்கப் பார்த்தோம், முறைத்தார். சர்க்கரை இல்லாத டீ ஒன்று குடித்தார். மறுநாள் முதல் காட்சிக்குக் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். படத்தைவிட எழுத்தைத்தான் அதிகம் பார்த்தார் என்று நினைக்கிறோம்.

கார்பன் காலத்தில் கேபினில் கரி படியும் என்பதால் தினமும் காலையில் கண்ணாடி துடைப்பது ஆபரேட்டர் வேலையில் ஒரு பகுதி. டிஜிட்டல் வந்ததும் துடைக்க ஒன்றுமில்லை என்று நாமாக முடிவு செய்துகொண்டோம். சோதனைப் பட்டியலில் நாங்கள் எழுதியிருந்த இருபத்திரண்டு வரியில் கண்ணாடி என்ற சொல்லே இல்லை. அடுத்த விழாவுக்கான பட்டியலில் அதுதான் முதல் வரி. இன்று காலையே எழுதியாயிற்று.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஜெனரேட்டருக்கு டீசல் சுமந்தவர்கள், நடுராத்திரியில் கேட் திறந்துவிட்ட காவலாளிகள், கணக்கு எழுதாமல் டீ அனுப்பிய கடைக்காரர், நேரம் மாறியபோதெல்லாம் சண்டை போடாமல் உட்லண்ட்ஸ் தியேட்டர் வாசல் வரிசையில் நின்றவர்கள், சொந்த வீட்டில் சேறு அள்ளிவிட்டு வந்து டிக்கெட் கிழித்த பிள்ளைகள், எல்லாருக்கும் நன்றி. படம் ஓடும்போது செல்போனில் மணி பார்த்தவர்களுக்கு மட்டும் கிடையாது.

ஐயா, உங்கள் பெயரைக் கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விட்டீர்கள். இன்று போகி, கேபினில் இருந்த கந்தல் துணியெல்லாம் போய்விட்டது, உங்கள் துண்டைத் துவைத்துத் தனி டப்பாவில் வைத்திருக்கிறோம். நீங்கள் விட்டுப்போன டார்ச்சும் எங்களிடம்தான் இருக்கிறது. பேட்டரி மாற்றியிருக்கிறோம். பொங்கல் முடிந்து ஒரு எட்டு வாருங்கள்.

திரையிடல் தன்னார்வலர்கள்
சென்னை, ஜனவரி 14, 2016