வலென்சியாவின் ஆறும் நம் பாலாறும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் கோடை விடுமுறைக்கான வெளிநாட்டுப் பயணங்களைப் பற்றி வந்த கட்டுரையில், ஸ்பெயின் நாட்டு வலென்சியாவுக்கு நாலு வரிதான் கிடைத்திருந்தது. கடற்கரையும் அறிவியல் நகரமும் பார்க்க ஒரு நாள் போதும் என்று எழுதியிருந்தார்கள். போதவே போதாது. என் மகள் அங்கே வேலை பார்க்கிறாள். சென்ற கோடையில் நானும் என் கணவரும் வேறு எந்த ஊருக்கும் ஓடாமல் அவள் வீட்டிலேயே தங்கி, காலையும் மாலையும் நடந்தே அந்த ஊரைப் பார்த்தோம். வேலூர்க்காரர்கள் அங்கே போனால் கடலோடு திரும்பிவிடக் கூடாது, ஆற்றையும் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கடலில் குறை ஒன்றும் இல்லை. டிராமில் ஏறினால் மால்வரோசா கடற்கரை. மத்தியத் தரைக்கடலில் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. அலை அடங்கியிருக்கும் நாளில் எழுபது வயதுப் பாட்டிகள் முழங்கால் அளவு தண்ணீரில் பேசிக்கொண்டே நடக்கிறார்கள். கடல் சரியில்லை என்றால் சிவப்புக் கொடி ஏற்றிவிடுவார்கள், யாரும் இறங்க மாட்டார்கள். மெரினாவில் பிள்ளைகளின் கையை விடாமல் நின்றே பழகிய எனக்கு அது பெரிய நிம்மதி. வெயிலும் நமக்குப் பழகியதுதான். ஜூலையில் 30 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும், புழுக்கம் உண்டு. கத்திரியில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைப் பார்த்த உடம்புக்கு அது ஒன்றுமே இல்லை. மதியம் இரண்டு மணிக்கு மேல் சின்னக் கடைகள் சாத்திவிட்டு, ஐந்து மணி வாக்கில்தான் மறுபடி திறக்கிறார்கள். ஜூன் கடைசியில் இரவு ஒன்பதரைக்குத்தான் பொழுது சாய்கிறது. அதற்குப் பிறகுதான் ஊரே சாப்பிட உட்காருகிறது.

அப்புறம் ஓர்சாத்தா என்ற குளிர்பானம். ஊருக்கு வடக்கே அல்போராயா என்ற கிராமத்தின் மணல் பாங்கான கழனிகளில் ஒருவகைக் கோரைக்கிழங்கைப் பயிர் செய்கிறார்கள். நம் வரப்பில் களை என்று பிடுங்கிப் போடுகிறோமே, அந்தக் கோரையின் இனம்தான். கடலைப் பருப்பைவிடக் கொஞ்சம் பெரிதாக, சுருங்கிய தோலோடு இருக்கிறது. அதை ஊறவைத்து, அரைத்து, பாலை வடிகட்டி, சர்க்கரை சேர்த்துக் குளிரவைத்துத் தருகிறார்கள். வெள்ளை வெளேரென்று இருக்கும். முதல் வாயில் பச்சைக் கிழங்கின் வாசனை வரும், அடுத்து ஒரு மெல்லிய இனிப்பு. நீளமான மெத்தென்ற ரொட்டி ஒன்றை அதில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். என் கணவர் தினமும் மாலை அந்தக் கடைக்குத்தான் இழுத்துக்கொண்டு போவார்.

இந்தக் கழனிகளுக்கெல்லாம் தண்ணீர் துரியா ஆற்றிலிருந்து கால்வாய் வழியாக வருகிறது. ஒவ்வொரு வியாழக்கிழமையும் பகல் பன்னிரண்டு மணிக்கு, தலைமைத் தேவாலயத்தின் வாசலில் தண்ணீர் நீதிமன்றம் கூடுகிறது. எட்டுக் கால்வாய்களுக்கு எட்டுப் பேர். எல்லாருமே விவசாயிகள் தேர்ந்தெடுத்த விவசாயிகள். கறுப்பு மேலங்கி போட்டுக்கொண்டு வட்டமாக உட்காருகிறார்கள். சேவகர் ஒவ்வொரு கால்வாயின் பெயரையும் சொல்லி, புகார் உண்டா என்று உரக்கக் கேட்கிறார். வக்கீல் கிடையாது. வழக்கு முழுவதும் வாய்ப்பேச்சில்தான், அவர்கள் தாய்மொழியில். அங்கேயே தீர்ப்பு, மேல்முறையீடு இல்லை. பல நூறு ஆண்டுகளாக நடக்கும் இந்த வழக்கத்தை 2009ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. நாங்கள் போன அன்று புகார் எதுவும் வரவில்லை, சில நிமிடங்களில் கலைந்துவிட்டார்கள். வெயிலில் காத்து நின்ற சுற்றுலாக்காரர்களுக்கு ஏமாற்றம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் கிராமத்து ஏரியில் எந்த மதகை எப்போது திறப்பது, யார் கழனிக்கு முதலில் பாய்ச்சுவது என்பதையெல்லாம் நீர்கட்டிதான் பார்த்துக்கொள்வார். அவர் சொல்லை என் அப்பா ஒருநாளும் மீறியதில்லை. இன்று அந்த வேலைக்கு ஆளே இல்லை.

அந்தத் துரியா ஆறு இப்போது ஊருக்குள் ஓடவில்லை. 1957 அக்டோபர் 14 அன்று வந்த வெள்ளத்தில் 80க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன்பிறகு ஊருக்குத் தெற்கே புதிதாக வழி வெட்டி ஆற்றைத் திருப்பிவிட்டார்கள். 2024 அக்டோபர் 29 பெருமழையில் சுற்றுப்புற ஊர்களில் 200க்கும் அதிகமானோர் இறந்தபோதும் நகரத்தின் நடுப்பகுதி தப்பியதற்கு அந்தப் புதிய வழிதான் காரணம். வறண்டு கிடந்த பழைய ஆற்றில் நெடுஞ்சாலை போடத்தான் அரசு திட்டமிட்டிருந்தது. மக்கள் விடவில்லை. "ஆற்றுப்படுகை எங்களுடையது, அது பச்சையாக வேண்டும்" என்று போராடினார்கள். 1976ல் நிலம் நகரத்தின் கைக்கு வந்தது. இன்று அது சுமார் ஒன்பது கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே தோட்டம். நாங்கள் கீழே நடக்க, தலைக்கு மேலே பழைய கல்பாலங்களில் வண்டிகள் போகின்றன. படுத்துக் கிடக்கும் ராட்சத மனிதனின் உருவம் ஒன்றை அங்கே செய்து வைத்திருக்கிறார்கள். அவன் கையிலும் காலிலும் கோட்டு மடிப்பிலும் பிள்ளைகள் ஏறிச் சறுக்குகிறார்கள். டிக்கெட் கிடையாது. வெயில் தணிந்ததும் வீட்டில் உள்ளவர்கள் எல்லாரும் அங்கேதான்.

பாலாற்றுக்குள் பூங்கா கட்டச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு வெள்ளம் ஓடியதை நாமே நின்று பார்த்தோம். ஆற்றின் இடம் ஆற்றுக்குத்தான். ஆனால் கரை இருக்கிறதே! காட்பாடியிலிருந்து பாலத்தைத் தாண்டி வேலூருக்குள் நுழையும்போது இரண்டு பக்கமும் பாருங்கள். குப்பை, சீமைக் கருவேலம், எரியும் பிளாஸ்டிக். கோட்டைப் பூங்காவை விட்டால் வயதானவர்கள் மாலையில் காற்று வாங்க ஊருக்கு நடுவே வேறு இடம் ஏது? புங்கனும் வேம்பும் நட்டு, நடைபாதை போட்டு, பெஞ்சு, விளக்கு, குடிதண்ணீர்க் குழாய், பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை வைத்தால் போதும். விருதம்பட்டு பக்கம் ஒரு கிலோமீட்டரில் தொடங்கலாம். தோல் தொழிற்சாலைக் கழிவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய் 1996ல் தீர்ப்பு வாங்கியவர்கள் இந்த ஊர் மக்கள்தான். கரையைக் கேட்டு வாங்குவது அதைவிடக் கஷ்டமா?

உங்கள் நிருபரை ஒரு மாலை ஐந்து மணிக்கு அந்தக் கரைக்கு அனுப்பி, படத்தோடு எழுதச் சொல்லுங்கள். எங்கள் தெருவில் சிலரைத் திரட்டி நாங்களும் மனு எழுதி வருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை,
காட்பாடி, வேலூர் மாவட்டம்