மாட் த ஹூப்பிள் வேஷம் போட்டது காசுக்கா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்க பேப்பர்ல கிளாம் ராக் (எழுபதுகள்ல ஜிகினா சட்டை, மேக்கப்னு வேஷம் கட்டி வாசிச்ச ராக் பாணி) பத்தி ஒரு பக்கத்துக்குக் கட்டுரை வந்துச்சு, படிச்சேன், நல்லாவே இருந்துச்சு, ஆனா மாட் த ஹூப்பிள்ங்கற இங்கிலாந்து பேண்டுக்கு மட்டும் ரெண்டே வரி, அதுலயும் மார்க்கெட் போனதும் ஜிகினா சட்டை மாட்டிக்கிட்டவங்கன்னு ஒரே போடா போட்டுட்டாங்க. ரெண்டு நாளா உறுத்திக்கிட்டே இருக்கு, அதான் எழுதுறேன்.

மார்க்கெட்டே இல்லாதவனுக்கு மார்க்கெட் எங்கேருந்து சார் போகும்? 1969லேருந்து 71க்குள்ள ஐலண்ட்ங்கற ரெக்கார்டு கம்பெனிக்கு நாலு ஆல்பம் பண்ணாங்க, எதுவும் பெருசா விக்கல. ஆனா மேடை ஏறிட்டா கதையே வேற, 1971 ஜூலைல லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால்ல இவங்க வாசிச்சப்ப கூட்டம் போட்ட ஆட்டத்துல ஹால் சேதமாகி, கொஞ்ச காலத்துக்கு இங்க ராக் கச்சேரியே வேணாம்னு தடை போட்டுட்டாங்க. டிக்கெட் வாங்கி வந்து கத்துறவன் ரெக்கார்டு வாங்க மாட்டேங்கறான், இதான் அவங்க பிரச்சனை.

1972 மார்ச்ல சுவிட்சர்லாந்துல ஒரு பழைய கேஸ் டேங்க்கை கிளப்பா மாத்தின இடத்துல வாசிச்சிட்டு, போதும்டா சாமி கலைஞ்சிடலாம்னு முடிவு பண்ணிட்டாங்க. நான் கதை விடல, அடுத்த வருஷம் வந்த 'மாட்' ஆல்பத்துல ஒரு பாட்டோட தலைப்புலயே 26 மார்ச் 1972, ஜூரிக்னு தேதியும் ஊரும் போட்டிருக்கு.

அப்ப பேண்டுல பேஸ் கித்தார் வாசிக்கற பீட் வாட்ஸ், வேற எங்கயாச்சும் வேலை கிடைக்குமான்னு பாடகர் டேவிட் போவிக்கு போன் போட்டாரு. போவி ஏற்கனவே 'சஃப்ரகெட் சிட்டி'ங்கற தன்னோட பாட்டைக் குடுத்து இவங்க வேணாம்னு திருப்பி அனுப்பியிருந்தாங்க, ஆனாலும் இவங்க மேல அவருக்கு ஒரு பைத்தியம், பேண்டு கலையுதுன்னதும் பதறிப்போய் 'ஆல் த யங் டியூட்ஸ்' பாட்டைக் குடுத்து அவரே புரொடியூஸும் பண்ணாரு. ஜூலைல வந்துச்சு, இங்கிலாந்து சார்ட்ல மூணாவது இடம். (பாட்டுல பசங்க துணி திருடற கடையோட பேர் வரும், பிபிசில கடைப் பேர் வரக்கூடாதுன்னு பூட்டாத கார்லேருந்து திருடறதா மாத்திப் பாடினாங்க. திருட்டு பரவால்லயாம், விளம்பரம்தான் தப்பாம்!)

அந்தப் பாட்டோட கடைசிப் பகுதிய ஹெட்போன் போட்டுக் கேளுங்க சார். கோரஸ் சுத்திச் சுத்தி வந்துக்கிட்டே இருக்கும், கைத்தட்டு கேக்கும், அதுக்கு மேல பேண்டோட பாடகர் இயன் ஹண்டர் பாட்டை விட்டுட்டு பேச ஆரம்பிச்சிடுவாரு, கூட்டத்துல கண்ணாடி போட்ட ஒருத்தன இங்க வாடான்னு கூப்பிட்டு வம்புக்கு இழுப்பாரு. பாட்டு போவியோடது, ஆனா இந்தப் பேச்சு முழுக்க ஹண்டரோடது, கச்சேரில தகராறு பண்றவன சமாளிச்சு சமாளிச்சுப் பழகின வாய். பாட்டு வெளிவந்தப்ப அவருக்கு வயசு 33, டீன் ஏஜ் பசங்களுக்கான பாட்டை கொஞ்சம் களைச்ச குரல்ல பாடறாரு, எனக்கு அந்தப் பாட்டே அதனாலதான் பிடிக்கும். அந்தக் கருப்புக் கண்ணாடிகூட கிளாமுக்காகப் போட்டது இல்ல, முன்னாடியே போட்டிருந்தாரு. மத்தபடி வேஷம் இருந்துச்சு, இல்லன்னு சொல்லல, வாட்ஸ் தொடை வரைக்கும் பூட்ஸு, ஹண்டர் கைல 'எச்' எழுத்து மாதிரியே ஒரு கித்தாரு, எனக்கே அதெல்லாம் பாத்தா சிரிப்புதான் வரும்.

ஆனா காசுக்காக மாறினாங்கன்னு சொல்றவங்க, மாறினதுல என்ன போச்சுன்னும் சேத்து எழுதணும்ல. ஆர்கன் வாசிச்ச வெர்டன் ஆலன் 1973 ஆரம்பத்துலயே கிளம்பிட்டாரு. அதே வருஷம் கித்தாரிஸ்ட் மிக் ரால்ஃப்ஸும் போயிட்டாரு, அவர் இங்க இருக்கும்போதே எழுதின 'கேன்ட் கெட் எனஃப்' ஹண்டர் குரலுக்கு ஒத்து வராம சும்மா கிடந்துச்சு, அதை பேட் கம்பெனிங்கற தன்னோட புது பேண்டுக்கு எடுத்துட்டுப் போய் 1974ல அமெரிக்கா வரைக்கும் ஹிட் ஆக்கினாரு. இந்த பேண்டோ அந்த வருஷக் கடைசிலயே முடிஞ்சு போச்சு. பேர் கிடைச்சு ரெண்டரை வருஷம், அவ்வளவுதான்.

உங்க கட்டுரைல குயின் பேண்டுக்கு மட்டும் அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கீங்க, சந்தோஷம், ஆனா 1973 கடைசில குயின் ஊர் ஊரா போனது இவங்களுக்கு முன்னாடி வாசிக்கற பேண்டாதான், அதையாவது ஒரு வரி சேத்திருக்கலாம்.

இன்னொண்ணு, கட்டுரையோட போட்ட படத்துக்குக் கீழ மிக் ரால்ஃப்ஸ்னு போட்டிருக்கு, அது அவர் இல்ல சார், அவர் போனப்புறம் அந்த இடத்துக்கு வந்த ஏரியல் பெண்டர். அடுத்த வாரம் திருத்திப் போட்டுடுங்க.

இப்படிக்கு
உங்க பழைய வாசகன்