இடதுபக்கக் கிளை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா போன் எடுத்தால் பேசுகிறாயாம். நான் எடுத்தால் மட்டும் உனக்கு வேலை. சரி, இருக்கட்டும்.

கான்ஃபரன்ஸ் பேரிக்கன்றை மதிலோரம் நட்டுவிட்டாய் என்று அவள் சொன்னாள். மரத்தைக் குட்டையாக வைக்கும் குயின்ஸ் வேரில் ஒட்டியதுதானே? ஒட்டுப்போட்ட இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். புதைத்துவிட்டால் மேல்மரமும் வேர்விட்டுப் பெரிதாக வளர்ந்துவிடும். கிளைகளைப் படுக்கையாகக் கட்ட மதிலில் இழுக்கும் கம்பிகளுக்கு இடையே ஒன்றரை அடி விடு. புதுக் கிளையை முதலில் 45 பாகை சாய்வில் மூங்கில் குச்சியோடு கட்டு. இலை உதிர்ந்த பிறகுதான் கம்பிக்கு இறக்க வேண்டும், அதுவும் மெல்ல மெல்ல. படுத்த கிளையில்தான் பூமொட்டு சேரும், உண்மைதான். அதற்காக அவசரப்படாதே. இறுக்கிக் கட்டாதே.

நம் வில்லியம்ஸ் பேரிமரம் இந்த முறை நன்றாகப் பூத்தது. நம் வீட்டில் மண்ணில் கை வைப்பவள் நீ ஒருத்திதான், அதில் எனக்குப் பெருமை. ஆனால் ஏழு மாதமாக எட்டிப் பார்க்காமல் இருக்க, மான்செஸ்டர் என்ன அவ்வளவு தூரமா? கிறிஸ்மஸுக்கு அம்மா பயற்றம் பணியாரம் சுட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

பேரன் இப்போதும் பந்து விளையாடுகிறானா?

மகள், நம் வில்லியம்ஸின் அந்த இடதுபக்கக் கிளையை அவன் முறிக்கவில்லை. நான்தான் முறித்தேன். அக்டோபர் விடுமுறைக்கு நீங்கள் வருவதற்கு முதல் நாள், உனக்குக் காட்ட வேண்டும் என்று, இலை உதிரக்கூட விடாமல் ஒரே இழுவையில் கம்பிக்கு இறக்கினேன். அடியில் பிளந்துவிட்டது. நாடா சுற்றி மறைத்தேன். பந்து பட்டதும் தொங்கியது. எல்லோர் முன்னாலும் எட்டு வயதுப் பிள்ளையை ஏசினேன். "மெதுவாகத்தான் அடித்தேன் அம்மப்பா" என்றான். மெதுவாகத்தான் அடித்தான். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

முறிந்த இடத்துக்குக் கீழே உறங்கிக் கிடந்த ஒரு மொட்டுக்கு மேல், ஏப்ரலில் பட்டையைப் பிறை போலச் சிறிதாகச் சீவிவிட்டேன். இப்போது துளிர்த்து விரலளவு நிற்கிறது. இதை அவனிடம் சொல். இல்லை, வேண்டாம், போனை அவனிடம் கொடு. நானே சொல்கிறேன்.

ஜூலைக் கடைசியில் கவாத்து. நீண்ட பக்கக் கொம்புகளில், அடி இலைக்கொத்துக்கு மேல் மூன்று இலை விட்டு நறுக்க வேண்டும். எனக்குக் கண் முன்போல இல்லை. எண்ணிச் சொல்ல ஆள் வேண்டும்.

அப்பா

பி.கு.: நைலான் கயிறு வேண்டாம், பட்டையை அறுக்கும்.