ஏப்ரல் 5 கொழும்புக்கும் உரிய நாள்

மதிப்புக்குரிய 'வரலாற்றில் இன்று' நிகழ்ச்சிக் குழுவினருக்கு,

வணக்கம். 1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பான் கொழும்பில் குண்டு போட்டதை உங்கள் வானொலி நிகழ்ச்சியில் சொல்லுங்கள் என்று ஏற்கெனவே இரண்டு கடிதங்கள் போட்டுவிட்டேன். பதில் வராதபடியால் இந்த முறை எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

இந்த வருடம் ஏப்ரல் 5 உயிர்த்த ஞாயிறாக வந்தது. 1942 இலும் அப்படித்தான். என் அம்மம்மாவுக்கு அப்போது எட்டு வயது. பூசை முடிந்து புதுச் சட்டையோடு கொட்டாஞ்சேனைத் தெருவில் வந்துகொண்டிருந்தபோது துறைமுகப் பக்கம் குண்டு விழத் தொடங்கியது. அண்ணன் அவரைக் கானுக்குள் தள்ளி மேலே படுத்துக்கொண்டார். சட்டை முழுக்கச் சேறு. அம்மா அடிப்பாரே என்றுதான் முதலில் அழுதாராம்.

இப்போது அவருக்கு 92 வயது. ஒவ்வொரு ஏப்ரல் 5 உம் காலையில் கதிரையை வானொலிக்குப் பக்கத்தில் இழுத்துப் போடச் சொல்வார். இந்த வருடமும் போட்டேன். 1930 இல் காந்தி தண்டியை அடைந்ததைச் சொன்னீர்கள். 1955 இல் சேர்ச்சில் பதவி விலகியதையும் சொன்னீர்கள். அப்புறம் பாட்டுப் போட்டுவிட்டீர்கள். "இண்டைக்கும் சொல்லேல்லையோ?" என்று கேட்டார். நான் என்ன சொல்ல?

அன்று ஜப்பானிய விமானங்கள் எங்கள் துறைமுகத்திலேயே 'ஹெக்டர்', 'டெனடொஸ்' என்ற இரண்டு பிரித்தானியக் கப்பல்களை மூழ்கடித்தன. தென்மேற்கே நடுக்கடலில் 'கோர்ன்வோல்', 'டோர்செட்ஷயர்' என்று இன்னும் இரண்டு போயின. அவற்றில் மட்டும் நானூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். முதல் நாள் கொக்கலையிலிருந்து பறந்து, எதிரிக் கப்பல்களைக் கண்டு எச்சரிக்கை அனுப்பிய கனடிய விமானி பேர்ச்சல் சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார். அங்கொடை மனநல மருத்துவமனையில்கூடக் குண்டு விழுந்தது. இதில் ஒரு வரியாவது சொல்லியிருக்கக் கூடாதா?

1971 இல் ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) கிளர்ச்சி வெடித்ததும் இதே ஏப்ரல் 5 தான். அதிகாலையில் வெல்லவாய பொலிஸ் நிலையம், இரவில் இன்னும் எத்தனையோ. அதையும் நீங்கள் சொல்லவில்லை.

சொன்ன இடத்திலும் பிழை. சென்ற வருடம் ஏப்ரல் 9 அன்று, 'ஹேர்மஸ்' என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் 1942 இல் கொழும்புத் துறைமுகத்தில் மூழ்கியதாக வாசித்தீர்கள். அது மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய கப்பல். உங்கள் நிகழ்ச்சியைக் கேட்டுப் பொது அறிவுப் போட்டிக்குக் குறிப்பெடுக்கும் பிள்ளைகள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். எங்கோ தொகுத்த பட்டியலை அப்படியே வாசித்தால் இப்படித்தான் ஆகும். எங்கள் பிள்ளைகளுக்குத் தங்கள் தெருவில் நடந்ததை வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

சரி, கோபத்தில் கொஞ்சம் கூடவே எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது ஒன்றுதான். ஏப்ரல் 5 வரும்போது கொழும்பையும் சொல்லுங்கள். காந்தியையோ சேர்ச்சிலையோ எடுக்கச் சொல்லவில்லை, எங்களையும் சேருங்கள். திகதியையும் இடத்தையும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு வாசியுங்கள்.

விரும்பினால் வீட்டுக்கு வந்து அம்மம்மாவின் குரலைப் பதிந்துகொள்ளலாம். தயவுசெய்து இந்த வருடத்துக்குள் வாருங்கள். பத்து மணிக்கு முன் வந்தால் நல்லது, அதற்குப் பிறகு தூங்கிவிடுவார்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு நேயர்