நூறு கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட்? மின்வாகன விதிகளை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மின்சார வாகனங்களின் சோதனை முறைகளையும் விற்பனை விதிகளையும் வகுக்கும் மத்திய அரசு அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

பெரிய மின்சார எஸ்.யூ.வி.களின் விளம்பரங்களில் 600, 650 கிலோமீட்டர் என்று ஏறிக்கொண்டே போகும் ரேஞ்ச் எண், அதாவது ஒரு முழுச் சார்ஜில் ஓடும் தூரம், எங்கிருந்து வருகிறது என்பதைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த எண்ணைத் தரும் எம்.ஐ.டி.சி. என்னும் இந்தியச் சோதனை முறையில் உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர், நின்று புறப்படும் நேரத்தையும் சேர்த்தால் சராசரி வேகம் ஏறத்தாழ 32 கிலோமீட்டர், ஏ.சி. ஓடுவதில்லை. அந்தச் சராசரியைக் கடைப்பிடித்துச் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குப் போக யாரேனும் சித்தமாக இருந்தால், சித்திரை வெயிலில் ஏ.சி. இல்லாமல், சுமார் பத்தொன்பது மணி நேரத்தில் போய்ச் சேரலாம்.

என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். ரேஞ்ச் எண்ணுக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், நெடுஞ்சாலை வேகத்தில் ஏ.சி.யுடன் ஓடும்போது நூறு கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் செலவாகும் என்பதையும் அச்சிட வேண்டும் என்று கட்டாயமாக்குங்கள். அந்த யூனிட்டும் பேட்டரியில் நிறைந்ததாக இல்லாமல், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து மின்சார மீட்டரில் ஓடியதாக இருக்கட்டும்.

600 கிலோமீட்டர் என்ற எண்ணை நம்பி 75 யூனிட் பேட்டரியும் இரண்டு டன்னுக்கு மேல் எடையும் கொண்ட ஒரு வண்டியை என் குடும்பம் வாங்கியது. கணக்குப்படி நூறு கிலோமீட்டருக்குப் பன்னிரண்டரை யூனிட் ஆக வேண்டும். ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறி, நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும், திரையில் அது இருபதைத் தாண்டுகிறது. இதில் வியப்பில்லை; காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதால், 90-லிருந்து 110-க்குப் போவதற்குள் அது ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடுகிறது. உயரமும் அகலமுமான வண்டி அந்தச் சுமையை மற்றக் கார்களைவிட அதிகமாகச் சுமக்கிறது. இவை பொறியாளர்களுக்குப் பாலபாடம். வாங்குபவருக்கு மட்டும் எங்கும் எழுதித் தரப்படுவதில்லை.

கடந்த மாதம் ஊரில் ஒரு சாவு. மாலை நான்கு மணிக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். முழுச் சார்ஜோடு விடியற்காலையில் சென்னையிலிருந்து கிளம்பினோம். வழியில் ஒருமுறை நிறுத்தினால் போதும் என்றுதான் அந்த எண்ணை வைத்துக் கணக்கிட்டிருந்தோம். திருச்சியை நெருங்கும்போதே சார்ஜ் இருபது சதவீதத்துக்கு வந்துவிட்டது. விரைவுச் சார்ஜர் எண்பது சதவீதத்துக்கு மேல் மெதுவாகிவிடும் என்பதால், நெடுஞ்சாலையில் நடைமுறையில் கைக்குக் கிடைப்பது இருபதுக்கும் எண்பதுக்கும் இடைப்பட்ட பகுதி மட்டுமே. அதாவது 45 யூனிட், எங்கள் வேகத்தில் சுமார் 220 கிலோமீட்டர். ஆகவே மதுரையைத் தாண்டி இரண்டாம் முறையும் நிறுத்த வேண்டியதாயிற்று. அங்கே இரண்டு வண்டிகள் முன்பே காத்திருந்தன. எங்கள் முறை வந்தபோது அதே சார்ஜரின் இன்னொரு இணைப்பில் வேறொரு வண்டியும் மாட்டப்பட்டதால் மின்சாரம் இரண்டாகப் பிரிந்து, வேகம் பாதியானது. நாங்கள் ஊர் போய்ச் சேர்ந்தபோது சுடுகாட்டிலிருந்து ஆட்கள் குளித்துத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கடைசியாக ஒருமுறை முகம் பார்க்க வேண்டும் என்பதற்காகவே வந்த என் தாயாரிடம் எம்.ஐ.டி.சி. பற்றி என்ன சொல்வது?

விற்பனையகத்தில் கேட்டபோது, மிகுந்த மரியாதையுடன், "அது அரசு சான்றளித்த எண் சார், நாங்கள் போட்டதில்லை" என்றார்கள். அதனால்தான் இந்த மடல் தங்களுக்கு வருகிறது.

செலவுக் கணக்கும் இதே யூனிட்டைத்தான் சுற்றி வருகிறது. கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் என்று விற்கும்போது சொல்கிறார்கள். தமிழ்நாட்டு வீட்டு மின் கட்டணம் பயன்பாடு கூடக்கூடப் படிப்படியாக ஏறுவதால், இரண்டு ஏ.சி. உள்ள வீட்டில் இந்த வண்டியையும் சேர்த்தால் இரு மாதக் கணக்கு ஆயிரம் யூனிட்டைத் தாண்டி, மேலே ஓடும் ஒவ்வொரு யூனிட்டும் பதினொரு ரூபாய்க்கு மேல் போகிறது. சார்ஜ் ஏறும்போது வெப்பமாக வீணாவதும் நம் கணக்கில்தான். ஊருக்குள் ஓட்டினாலே கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாயை ஒட்டி வருகிறது. நெடுஞ்சாலையில், யூனிட் இருபது ரூபாய்க்கு மேல் வாங்கும் விரைவுச் சார்ஜரில், நான்கரை ரூபாய். இதே அளவு டீசல் வண்டிக்கு ஏழு ரூபாய் ஆகும் என்பதால் மின்வண்டி இப்போதும் மலிவுதான், டீசலுக்குத் திரும்பும் எண்ணமும் எனக்கில்லை. ஆனால் எடையால் சீக்கிரம் தேயும் டயரையும், பேட்டரியின் விலையால் கூடும் காப்பீட்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் ஒரு குடும்பம் கடன் வாங்குகிறது. அந்தக் கணக்கின் முதல் வரியே தவறாக இருக்கலாமா?

வண்டிக்கு ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. வாங்கி ஊக்குவிக்கும் அரசு, அதே வண்டிக்குப் பொது நிலையத்தில் சார்ஜ் ஏற்றினால் பதினெட்டு சதவீதம் வாங்குகிறது. வாங்குவதற்குத்தான் ஊக்கம், ஓட்டுவதற்கு இல்லை போலும். இது தங்கள் துறைக்கு அப்பாற்பட்டது என்பதை அறிவேன், பொறுத்தருளுங்கள்.

நான் கேட்பது புதுமையும் அன்று. அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு மின்காரின் ஒட்டுச்சீட்டிலும், சார்ஜ் ஏறும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்து, நூறு மைலுக்கு எத்தனை யூனிட் என்று அச்சிடப்படுகிறது. ஐரோப்பியச் சோதனையில் வேகம் 130 கிலோமீட்டர் வரை போகிறது. நம் சோதனையை உடனே மாற்ற இயலாதென்றால் அது இருக்கட்டும். 100 கிலோமீட்டர் சீரான வேகத்தில், ஏ.சி.யுடன், மீட்டரில் அளந்த யூனிட் என்ற ஒரே ஒரு கூடுதல் வரியை, ஒவ்வொரு மின்வண்டியின் விளம்பரத்திலும் விலைப்பட்டியலிலும் சேர்க்குமாறு ஆணையிட வேண்டுகிறேன். நான்கு சக்கர மின்வண்டி அனைத்துக்கும் அது பொருந்தட்டும், பெரிய எஸ்.யூ.வி.களிலிருந்து தொடங்கினாலும் சரி.

இப்படிக்கு,
வரியும் டோலும் தவறாமல் கட்டிவரும் ஒரு மின்வண்டி உரிமையாளர்