கரும்புக் கொல்லைக் கல்

ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்,
மொரீசியஸ்.

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகிறது. அதற்கு முந்தினதற்கும் நான் பதில் போடவில்லை. மன்னித்துக்கொள். நான் நலம். மாமாவுக்குக் கால்வலி தேவலையா?

இங்கே இப்போது குளிர்காலம். விடியற்காலையில் கட்டட வேலைக்குச் சாரம் ஏறினால் இரும்புக் குழாய் சில்லென்று இருக்கும். நீ கொடுத்தனுப்பிய கம்பளிச் சட்டைதான் காப்பாற்றுகிறது.

பக்கத்து வீட்டில் ஒரு தாத்தா இருக்கிறார். தமிழர்தான், ஆனால் பேசுவதெல்லாம் கிரியோல், பிரெஞ்சு கலந்த இந்த ஊர்ப் பேச்சு. ஆனாலும் அவர் வீட்டு அடுப்படியில் தமிழ் இருக்கிறது. கறிவேப்பிலை அவருக்குக் ‘கரிப்பூலே’, முருங்கைக்கீரை ‘ப்ரெட் மூரூம்’, ரசம் ‘ரசோன்’. போன ஞாயிறு தூக்கில் ரசம் கொண்டுவந்து கொடுத்தார். மிளகு தூக்கலாக, அம்மா வைக்கிற மாதிரியே இருந்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து வெளியே போய்விட்டேன்.

இந்த ஊர் முன்னே சின்ன மீன்பிடிக் குப்பம். பின்னால் எங்கு பார்த்தாலும் மெதின் என்கிற சர்க்கரை எஸ்டேட்டின் கரும்பு. தாத்தாவின் அப்பா அதில் கரும்பு வெட்டியவர். அப்புறம் வசதியானவர்கள் கடலோரத்தில் விடுமுறை வீடு கட்டினார்கள், ஹோட்டல்கள் வந்தன. 2002இல் வெளிநாட்டுக்காரர்களும் வில்லா வாங்கலாம் என்று திட்டம் வந்தது. 2006இலிருந்து ஐரோப்பா இங்கிருந்து வாங்குகிற சர்க்கரையின் விலையைப் படிப்படியாக 36 சதவீதம் குறைத்துவிட்டது. கரும்பு கட்டுபடியாகவில்லை. கொல்லையாக இருந்த இடத்தில் இன்றைக்கு வீடும் கடைத்தெருவும் கல்லூரியும்.

மிச்சமிருக்கிற கொல்லைகளில் கருங்கல் குவியல்கள் ஆள் உயரத்துக்கு நிற்கின்றன. எரிமலைப் பூமி, கல்லைப் பொறுக்கினால்தான் பயிர் வைக்கலாம். அடிமைகளும், 1834க்குப் பிறகு கூலி ஒப்பந்தத்தில் வந்த நம் சனமும் கையால் பொறுக்கிக் குவித்தது. அந்த மாதிரிக் கல்லைத்தான் நான் இப்போது கொத்தி வில்லா மதிலுக்குப் பதிக்கிறேன். புரட்டினால் அடியில் ஈரம், இரண்டு மரவட்டை. யார் தூக்கிப் போட்ட கல்லோ என்று நினைத்தால் உளி வைக்க மனசு வருவதில்லை, அக்கா.

கடற்கரையில் நம் ஊர் மாதிரியே சவுக்கு மரங்கள். காற்றடித்தால் அதே சத்தம். சாயங்காலம் அங்கே போவதை இப்போது விட்டுவிட்டேன்.

பணம் இந்தத் தடவை கொஞ்சம் குறைவாக வரும். கம்பெனியில் கணக்கு முடியவில்லை, அவ்வளவுதான். அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

நம் சவுக்குத் தோப்பு விஷயம். புரோக்கர் விலை கேட்டு மூன்றாம் தடவை வந்ததாகவும், சின்ன அண்ணன் சரி என்கிறதாகவும் எழுதியிருக்கிறாய். நான் வரும்வரை யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம், அவர் சிறு வயதில் கடலுக்கு நடந்து போன வண்டிப்பாதை எங்கே என்று கேட்டேன். கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிச் சுற்றி நின்றார். அவருக்கே அடையாளம் தெரியவில்லை. நம் தோப்பு அப்பா வைத்த சவுக்கு. மரத்தை வேண்டுமானால் வெட்டி விற்றுக் கடனைக் கட்டுவோம், மறுபடி கன்று வைத்துக்கொள்ளலாம். மண் இருக்கட்டும்.

பட்டாவையும் மூலப்பத்திரத்தையும் சித்தப்பாவிடமிருந்து வாங்கி உன் பீரோவில் வை. வடக்கு எல்லைக்கல் இருக்கிறதா என்று மாமாவைப் பார்த்துவரச் சொல். தை மாதம் லீவு கேட்டிருக்கிறேன். அண்ணனிடம் கோபமாகப் பேசாதே, நான் வந்து பேசிக்கொள்கிறேன்.

உன் தம்பி