தாலி கட்டியதற்குச் சாட்சிக்கு எங்கே போவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இதழில் 'மனைவி இருக்க இன்னொருத்தியைக் கட்டினால் 7 ஆண்டு ஜெயில், பெண்கள் துணிந்து போலீசுக்குப் போகணும்' என்று எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. என் தங்கை துணிந்துதான் போனாள். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கும் அவள் வீட்டுக்காரர் ஏற்காட்டில் இன்னொரு குடித்தனம் வைத்துவிட்டார். ஸ்டேஷனில் கேட்ட முதல் கேள்வி, "ஐயர் வெச்சுப் பண்ணாங்களா, பத்திரிகை இருக்கா?" அவளிடம் இருந்தது செல்போனில் ஒரு போட்டோ. ரெண்டு பேரும் மாலையும் கழுத்துமாக நிற்பார்கள், பின்னால் யாரோ ஒருவரின் தோள் மட்டும் தெரியும். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இதுல தாலி கட்றது இல்லையேம்மா" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா ஐயா? இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-ஆம் பிரிவில் 7 ஆண்டு இருப்பது நிஜம், முதல் கல்யாணத்தை மறைத்திருந்தால் 10 ஆண்டு. ஆனால் போலீஸ் தானாக வழக்குப் போட முடியாத குற்றம் அது. மனைவியோ அவளுக்காகப் பெற்றவர், கூடப்பிறந்தவரோ கோர்ட்டில் தனியாகப் புகார் கொடுத்து, ரெண்டாவது கல்யாணம் முறையாக நடந்ததென்று நிரூபிக்கணும். தமிழ்நாட்டில் 1967 திருத்தத்துக்கு அப்புறம் ஐயரே வேண்டாம், உறவோ நண்பரோ முன்னால் மாலை மாற்றினாலே கல்யாணம்தான். 2001-ல் இப்படி ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஏற்றது. சரி, அதற்கும் அந்தத் தோள் யாருடையது என்று தேடிப் பிடித்துச் சாட்சிக் கூண்டில் ஏற்றணும்.

மாலையும் மாற்றாமல் சேர்ந்து இருந்தால் அந்த வழக்கும் கிடையாது. கள்ள உறவைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவும் 2018-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பில் போய்விட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை, வயது வந்த ரெண்டு பேர் வீட்டுக்குள் போலீசுக்கு என்ன வேலை? உத்தரகண்ட் மாநிலத்தில் இருப்பது மாதிரி, கல்யாணம் பண்ணாமல் சேர்ந்து வாழ்பவர்கள் இங்கேயும் பதிவு செய்யணும் என்று நீங்கள் தலையங்கம் எழுதியபோதே கோபம் வந்தது. அந்தப் பதிவு என் தங்கைக்கு ஒரு வேளைச் சோறு போடுமா?

ஜீவனாம்சத்துக்கு ரெண்டாவது தாலியை நிரூபிக்கவே வேண்டாம் என்பதையல்லவா எழுதியிருக்கணும்? கணவன் வேறொருத்தியை வைத்திருந்தாலே, அவனோடு வந்து இருக்க மாட்டேன் என்று சொல்ல மனைவிக்கு நியாயம் உண்டு என்கிறது, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் ஜீவனாம்சப் பிரிவு 144. "வந்து இருந்தா சோறு போடறேன்" என்று அவர் ஆள் விட்டுச் சொன்னபோது இது தெரியாமல் அவள் திகைத்து நின்றாள். பெண் என்றால் வருமானம் பார்க்காமல் அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் தருவார்கள் என்று எங்களுக்குச் சொன்னது பட்டறையில் கொலுசுக்குப் பொடி வைக்கும் ஒரு பெண், உங்கள் பத்திரிகை இல்லை.

அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், இந்த 144-ஐயும் 15100 என்ற சட்ட உதவி எண்ணையும் நாலு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அம்மாப்பேட்டை, சேலம்